தானாகப் பிரேக் பிடிக்கும் காரும் சீட் கவருக்குள் புதைந்த பெல்ட்டும்

புதிதாகக் கார் வாங்கும் குடும்பங்களில் மைலேஜுக்கு அடுத்தபடியாக இப்போது கேட்கப்படும் கேள்வி, "இதில் அடாஸ் இருக்கிறதா?" என்பதுதான். எதிரே எது வந்தாலும் கார் தானாகவே பிரேக் பிடித்துவிடும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். சாலை நடுவே ஒரு பொம்மையை நிறுத்தி, கார் அதன் முன்னால் வந்து நின்றுவிடுவதை யூடியூபில் காட்டுகிறார்கள். பார்க்கும் நமக்கும் வியப்பாக இருக்கிறது. இதற்காகவே ஒன்றரை இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுத்து மேல்ரக மாடலை வாங்குவோர் உண்டு.

அப்படி வாங்கிய காரின் பின்சீட்டில் ஏறி அமர்ந்து பெல்ட்டைத் தேடிப் பாருங்கள். பல கார்களில் கிடைக்காது. ஷோரூமிலிருந்து நேராக சீட் கவர் கடைக்குப் போனபோதே பக்கிள்கள் உறைக்கு அடியில் புதைந்துவிட்டன. வாங்கி இரண்டு வருடமாகியும் அவற்றை யாரும் தோண்டி எடுக்கவில்லை.

இந்த இரண்டையும் தனித்தனி விஷயங்களாக நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. தானியங்கிப் பிரேக் காரை நிறுத்தும். காருக்குள் இருக்கும் மனிதரை நிறுத்துவது பெல்ட்டின் வேலை. பெல்ட் போடாதவருக்கு அந்தப் பிரேக்கே காயத்தைக் கொடுக்கவும் கூடும். மதரஸாவில் ஓதிவிட்டுக் கலைப் பட்டம் படித்த நமக்கு இயந்திரவியல் துறை இல்லை. ஆனாலும் ஒரு காரின் கையேட்டைப் பொறுமையாகப் படிக்கும் எவருக்கும் விளங்கக்கூடிய விஷயங்கள்தாம் இவை.

ஏ.பி.எஸ். வேறு, இது வேறு

"எங்கள் காரிலும் ஆட்டோமேட்டிக் பிரேக் இருக்கிறதே" என்று சொல்பவர்களில் பலர் ஏ.பி.எஸ்.ஸைத்தான் குறிப்பிடுகிறார்கள். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். ஓட்டுநர் பிரேக்கைப் பலமாக மிதிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்வது அதன் பணி. மிதிக்காவிட்டால் அது ஒன்றும் செய்யாது. (மிதிக்கும்போது பெடல் காலடியில் தடதடவென்று அதிரும். அது பழுது என்று பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.)

தானியங்கி அவசரப் பிரேக் என்பது ஓட்டுநர் மிதிக்காதபோதும் தானே பிரேக் பிடிப்பது. முன்கண்ணாடியின் உள்பக்கம், நடுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கும். பெரும்பாலும் முன் கிரில்லுக்குள்ளோ பம்பருக்குள்ளோ ஒரு ரேடாரும் இருக்கும். எதிரில் உள்ள வாகனம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்பதை இவை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். இந்த வேகத்தில் போனால் இன்னும் எத்தனை விநாடியில் மோதுவோம் என்று கணினி கணக்கிடும். முதலில் சத்தமும் சிவப்பு விளக்குமாக எச்சரிக்கும். ஓட்டுநர் கவனிக்காவிட்டால் சில கார்களில் லேசாக ஒருமுறை பிரேக் பிடித்து உலுக்கும். அப்போதும் அசைவில்லை என்றால் முழு பலத்தோடு பிடித்துவிடும். ஓட்டுநர் மிதித்தும் அழுத்தம் போதவில்லை என்றால் மீதியைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

வால்வோ நிறுவனம் 2008இல் எக்ஸ்.சி.60 காரில் இதைக் கொண்டுவந்தபோது, நகர நெரிசலில் மெதுவாகப் போகும்போது மட்டுமே அது வேலை செய்தது. இந்தியச் சந்தைக்கு 2020இல் எம்.ஜி. குளோஸ்டர், 2021இல் மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.700, 2022இல் ஹோண்டா சிட்டி ஹைபிரிட் ஆகியவற்றின் வழியாகப் பரவியது. இப்போது ஹூண்டாய் வென்யூ போன்ற சிறிய கார்களிலும் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். அமெரிக்கா 2024 ஏப்ரலில் வெளியிட்ட விதி, 2029 செப்டம்பரைக் கெடுவாக வைத்தது.

பலன் உண்மையானதுதான். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, இந்த வசதியுள்ள கார்கள் முன்னால் போகும் வாகனத்தின் பின்புறத்தில் மோதுவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கிறது. காரணத்தைப் புரிந்துகொள்வது எளிது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்று முதல் ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் வரை போய்விடும். அதன் பிறகு காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர் தேவை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கே வேறு. கணினிக்கு இந்த யோசிக்கும் நேரம் மிகக் குறைவு.

முழுதாக நிறுத்த முடியாவிட்டாலும் லாபம் உண்டு. 60இல் மோத வேண்டிய கார் 40இல் மோதினால் மோதலின் ஆற்றல் பாதிக்கும் கீழே, 44 சதவீதமாகக் குறைந்துவிடும். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கே இவ்வளவு வித்தியாசம்.

எங்கே தடுமாறும்?

விளம்பரத்தில் சொல்லாத பகுதி இதுதான். அமெரிக்க மோட்டார் வாகனக் கழகமான ஏ.ஏ.ஏ. 2022இல் நடத்திய சோதனையில், மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர் வேகத்தில், நின்றிருந்த வாகனத்தின் பின்புறத்தில் மோதாமல் 20 தடவையில் 17 தடவை கார் தானாக நின்றது. வேகத்தை 40 மைலுக்கு, அதாவது 64 கிலோமீட்டருக்கு உயர்த்தியதும் 20 தடவையில் 6 தடவைதான் தப்பித்தது. குறுக்கே போகும் வாகனத்தின் மீது மோதும் சோதனையில் ஒரு தடவைகூடத் தவிர்க்க முடியவில்லை. நம் ஊர் நான்கு வழிச்சாலையில் நாம் என்ன வேகத்தில் போகிறோம் என்பதை ஒவ்வொருவரும் நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம். திருச்சி தாண்டி மதுரை நோக்கிப் போகும்போது 64 கிலோமீட்டரில் யார் ஓட்டுகிறார்கள்?

இருட்டு இன்னொரு பலவீனம். மேலே சொன்ன காப்பீட்டு ஆய்வு அமைப்பே 2022இல் பாதசாரிகளைக் கண்டறியும் பிரேக்கை ஆராய்ந்தது. பாதசாரிகள் மீதான மோதல்கள் மொத்தத்தில் 27 சதவீதம் குறைந்திருந்தன. தெருவிளக்கு இல்லாத இருளில் மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஃபஜ்ருக்காகக் கருக்கலில் சாலையோரம் நடந்து போகும் பெரியவரை இந்தக் கேமரா பார்த்துவிடும் என்று நம்பி வண்டி ஓட்டக் கூடாது. கனமழை, மூடுபனி, நேரெதிரே அடிக்கும் மாலை வெயில், சேறு படிந்த பம்பர் ஆகிய எல்லாமே அதன் பார்வையைக் கெடுக்கும். விளக்கும் பிரதிபலிப்பானும் இல்லாமல் நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் லாரியை அதிக வேகத்தில் வரும்போது தவறவிடக் கூடும்.

சிலவற்றை நாமே கெடுத்துக்கொள்கிறோம். நடுக் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும் இடத்துக்கு முன்னால் ஃபாஸ்டேக்கையோ ஆயத்துல் குர்ஸி ஸ்டிக்கரையோ ஒட்டுவது, அந்தக் கண்ணாடியில் பெரிய தஸ்பீஹ் மணியைத் தொங்கவிடுவது ஆகியவை நம் கார்களில் சர்வசாதாரணம். ஸ்டிக்கருக்கு டேஷ்போர்டில் இடம் இருக்கிறது. தஸ்பீஹுக்கு ஜேப்பி இருக்கிறது. முன்னால் இரும்பு பம்பர் கார்டு மாட்டுவதும் அப்படித்தான். ரேடாரை மறைப்பதோடு, ஏர்பேக் சென்சாருக்குப் போக வேண்டிய அதிர்ச்சியையும் அது மாற்றிவிடுகிறது. இத்தகைய கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கடைகளில் விற்பனை என்னவோ நடந்துகொண்டுதான் இருக்கிறது. முன்கண்ணாடியையோ பம்பரையோ மாற்றினால் கேமராவையும் ரேடாரையும் மறுபடி அளவு சரிசெய்ய வேண்டும். மூலைக் கடையில் மலிவாகக் கண்ணாடி மாற்றுவோர் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

"டவுனில் ஆட்டோ குறுக்கே வந்தாலே பிரேக் பிடிக்கிறது, பின்னால் வருபவன் இடிக்கிறான், அதனால் ஆஃப் செய்துவிட்டேன்" என்று சொல்லும் சகோதரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் சாலைகளில் இடைவெளி விட்டு ஓட்டினால் அந்த இடைவெளியில் இன்னொருவர் நுழைந்துவிடுகிறார். ஆனால் பல கார்களில் எச்சரிக்கையின் தூரத்தை மட்டும் குறைத்து வைக்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்திக்கொண்டு பிரேக்கை விட்டுவைப்பதே சரி என்பது நம் கருத்து. ஆக்ஸிலேட்டரைப் பலமாக மிதித்தாலோ ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்பினாலோ பல கார்களில் கணினி விலகிக்கொள்ளும், பொறுப்பு ஓட்டுநருக்கே திரும்பிவிடும். அதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பிரேக் பிடித்த அந்த நொடியில் உள்ளே

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கார் முழு பலத்தோடு தானாகப் பிரேக் பிடிக்கிறது. மோதல்கூட இல்லை, தப்பித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றிரண்டு விநாடிகளில் உள்ளே இருக்கும் ஒவ்வொருவரையும் அவரவர் எடைக்கு நெருக்கமான ஒரு விசை முன்னோக்கி இழுக்கும். 70 கிலோ மனிதரை 70 கிலோ மூட்டையைக் கட்டி இழுப்பதுபோல. ஓட்டுநர் தானே மிதித்திருந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்வார். இங்கே மிதிப்பது இயந்திரம். யாருக்கும் முன்னறிவிப்பு இல்லை. பின்சீட்டில் உறங்கும் பெரியம்மா, இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே நின்று அத்தாவோடு பேசிக்கொண்டு வரும் ஐந்து வயதுப் பிள்ளை, மடியில் பால் குடிக்கும் குழந்தை ஆகியோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். காருக்கு ஒரு கீறலும் விழாமல் பிள்ளையின் நெற்றி டேஷ்போர்டில் மோதும் வாய்ப்பு இருக்கிறது.

மோதல் நடந்துவிட்டால் நிலைமை இன்னும் கடுமை. மோதுவதற்கு முன்பே பிரேக் பிடிக்கத் தொடங்கிவிடுவதால், பெல்ட் போடாதவர் சீட்டிலிருந்து நழுவி முன்னால் வந்துவிடுகிறார். முகம் டேஷ்போர்டுக்கு அருகில் இருக்கும் நேரம் பார்த்து ஏர்பேக் வெடித்து விரிகிறது. இருபதில் ஒரு பங்கு விநாடிக்குள் விரியும் பொருள் அது; அவ்வளவு அருகில் இருந்து அது முகத்தில் அடிப்பது பலத்த குத்துக்குச் சமம். ஏர்பேக் மூடியின் மீது எஸ்.ஆர்.எஸ். என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணைப் பாதுகாப்பு அமைப்பு என்பது அதன் பொருள். எதற்குத் துணை? பெல்ட்டுக்குத் துணை. பெல்ட் உடலைச் சீட்டோடு பிடித்து வைத்திருக்கும் என்று கருதியே அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

பெல்ட்டும் வெறும் பட்டை இல்லை. நவீன கார்களின் முன்சீட்டில், மோதல் உணரப்பட்டதும் சிறிய வெடிமருந்து ஒன்று இயங்கி, பெல்ட்டின் தளர்வைக் கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்து இறுக்கும். பிறகு நெஞ்செலும்பு நொறுங்காதபடி கொஞ்சம் விட்டும் கொடுக்கும். தோளிலிருந்து இடுப்புக்கு வரும் இந்த மூன்று முனை பெல்ட்டை 1959இல் வால்வோவுக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர். அதற்கு முன் அவர் போர்விமானங்களில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளை உருவாக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காப்புரிமையை எல்லாக் கார் நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வால்வோ திறந்துவிட்டது. அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் அடிப்படை வடிவம் மாறவில்லை.

முன்சீட்டில் அமர்பவர் மரணமடையும் அபாயத்தை பெல்ட் 45 முதல் 50 சதவீதம் வரையும், பின்சீட்டில் 25 சதவீதமும் குறைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022இல் இந்தியாவில் பெல்ட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. சரிபாதிப் பேர் ஸ்டியரிங்கைத் தொடாதவர்கள்.

பின்சீட்டு

டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று அகமதாபாத்திலிருந்து மும்பை திரும்பும் வழியில், பால்கர் மாவட்டத்தில் சூர்யா நதிப் பாலத்தில் நடந்த விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த மெர்சிடிஸ் கார். அவரும் உடனிருந்த இன்னொருவரும் பின்சீட்டில் பெல்ட் அணியாமல் இருந்தனர் என்று போலீசார் தெரிவித்தனர். பின்னால் இருந்த அந்த இருவருமே இறந்தனர். முன்சீட்டில் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தனர்.

பின்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடாதது அவரோடு முடியும் விஷயமும் இல்லை. மோதலில் அவர் முன்சீட்டின் மீது எறியப்படுகிறார். பெல்ட் போட்டு அமர்ந்திருக்கும் முன்சீட்டுக்காரர் இரண்டுக்கும் நடுவே நசுங்குகிறார். ஜப்பான் விபத்துகளை ஆராய்ந்து 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, பின்னால் பெல்ட் அணியாதவர் இருந்தால் முன்னால் பெல்ட் அணிந்திருப்பவர் இறக்கும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு உயர்கிறது என்று காட்டியது. தகப்பனார் முன்னால், மகன் பின்னால் என்று அமரும் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சட்டத்திலும் பின்சீட்டுக்கு விலக்கு கிடையாது. மத்திய மோட்டார் வாகன விதி 138(3), முன்நோக்கிய பின்சீட்டில் அமர்பவரும் பெல்ட் அணிய வேண்டும் என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி அபராதம் 1,000 ரூபாய். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினால், அல்லது ஓட்ட அனுமதித்தால், அதற்குத் தனியாக அதே பிரிவின் கீழ் 1,000 ரூபாய். பிள்ளை ஓட்டுபவரின் கையில் ஓர் அமானத் என்று நாம் சொல்வதைச் சட்டம் தன் மொழியில் சொல்லியிருக்கிறது.

வளைகுடாவில் இருக்கும் நம் சகோதரர்களுக்கு இது புதிதல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 ஜூலை முதல் காரில் உள்ள அனைவரும் பெல்ட் அணிய வேண்டும். ஒருவர் அணியாவிட்டாலும் ஓட்டுநருக்கு 400 திர்ஹம் அபராதம், நான்கு கரும்புள்ளி. மலேசியாவில் 2009 ஜனவரி முதல் பின்சீட்டுக்கும் கட்டாயம். துபாயில் கதவைச் சாத்தியதும் கை தானாகப் பெல்ட்டைத் தேடும் அதே மனிதர், சென்னை விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் காரின் பின்சீட்டில் அமர்ந்தால் தேடுவதில்லை. தேடினாலும், "பின்னாடியெல்லாம் வேணாம் பாய், போலீஸ் பிடிக்க மாட்டாங்க" என்று ஓட்டுநர் தம்பி ஆறுதல் சொல்கிறார். பயணம் தொடங்கும் முன்பே, "தம்பி, சீட் கவரைக் கொஞ்சம் தூக்கி பக்கிளை வெளியே எடுத்துக் கொடுங்க" என்று கேட்டுவிடுவதில் ஒரு கூச்சமும் வேண்டியதில்லை. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களில் சாதாரண உறை அதையும் அடைத்துவிடும் என்பதால், உறை வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று, பெல்ட் போடாமலே அலாரத்தை ஏமாற்றும் வெற்றுக் கொக்கி. ஐம்பது நூறு ரூபாய்க்கு விற்ற இந்தப் பொருளை, 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களிலிருந்து நீக்க உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பைப் பணம் கொடுத்தே முறித்துக்கொள்ள இத்தனை கடைகள்!

வீட்டில் கேட்கும் சாக்குகள்

"மவுத் வரும் நேரத்தில் வரும், பெல்ட் என்ன செய்யும்?" என்பது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும் ஹதீஸ் வாசகர்கள் அனைவருக்கும் மனப்பாடம் என்பதால் இங்கே விரிக்கவில்லை. கத்ரை நம்புகிறவர் வீட்டுக் கதவைப் பூட்டாமல் உறங்குவதில்லை, சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதும் இல்லை. காரில் ஏறும்போது மட்டும் அந்த வாதம் நினைவுக்கு வருவானேன்?

"கார் தீப்பிடித்தால், தண்ணீரில் விழுந்தால் மாட்டிக்கொள்வோமே" என்பது அடுத்தது. அத்தகைய விபத்துகள் மிகச் சொற்பம். அவற்றிலும், மோதலில் மயங்காமல் இருப்பவரால்தான் பக்கிளை அழுத்திவிட்டு வெளியே வர முடியும். மயங்காமல் வைத்திருப்பது பெல்ட்.

பெண்களின் தயக்கம் வேறு. நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டும் பட்டை உடல் வடிவைக் காட்டுகிறது என்ற சங்கடத்தால் பலர் போடுவதில்லை. வெளியே சொல்வதும் இல்லை. வழி எளிது. பெல்ட்டை மேல் துப்பட்டாவுக்கோ கிமாருக்கோ உள்ளாக, உடலை ஒட்டிய ஆடையின் மீது போட்டுக்கொண்டு, மேல் துணியை அதன் மீது விட்டுக்கொள்ளலாம். மறைப்பும் கெடாது, தடித்த மடிப்புகள் நடுவில் இல்லாததால் பெல்ட்டும் இன்னும் நன்றாகப் பிடிக்கும். தோள் பட்டையை அக்குளுக்குக் கீழே தள்ளிக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. மோதலில் அது விலா எலும்புகளை முறித்து, கல்லீரலையும் மண்ணீரலையும் காயப்படுத்தும். "கழுத்தை அறுக்குதும்மா" என்று மாமியார் சொன்னால், "இருங்க மாமி" என்று முன்சீட்டின் தூணில் இருக்கும் பொத்தானை அழுத்தி உயரத்தை இறக்கிவிடலாம். பட்டை தோளின் நடுவில் வந்து நிற்கும்.

கர்ப்பிணிகள் போடக் கூடாது என்ற எண்ணம் தவறு. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மீது படிய வேண்டும். மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கமாக இறங்க வேண்டும். வயிற்றின் மீது குறுக்கே போகக் கூடாது. இரவுப் பயணத்தில் சீட்டை முழுதாகச் சாய்த்துப் படுப்பதும் பெல்ட்டை வீணாக்கும். அப்படிப் படுத்திருப்பவர் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போய்விடுவார்.

மடி பாதுகாப்பல்ல

தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் எது என்று கேட்கத் தோன்றும். ஒரு கணக்குப் போடுவோம். 10 கிலோ எடையுள்ள குழந்தை. கார் மணிக்கு 50 கிலோமீட்டரில் போய் மோதி, பத்தில் ஒரு பங்கு விநாடியில் நிற்கிறது. அந்த நேரத்தில் குழந்தை ஏறத்தாழ 140 கிலோ எடை போலத் தாயின் கைகளிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது. தாயும் பெல்ட் போடாதிருந்தால் அவருடைய உடலே குழந்தையை முன்சீட்டோடு நசுக்கும். ஒரே பெல்ட்டுக்குள் தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கட்டினாலும் இதே கதி.

கைக்குழந்தைக்குப் பின்நோக்கிய இருக்கை வேண்டும். அதைப் பின்சீட்டில் பொருத்த வேண்டும். ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் அதை ஒருபோதும் வைக்கக் கூடாது. வளர்ந்த பிள்ளைக்கு முன்நோக்கிய இருக்கை, அதற்குப் பிறகு உயரத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர். பெரியவர் பெல்ட் கழுத்தில் படாமல் தோளிலும், வயிற்றில் படாமல் இடுப்பெலும்பிலும் படியும் உயரம் வரும்வரை பூஸ்டர் தேவை. அமீரகத்தில் 145 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளையை முன்சீட்டில் அமர்த்தவே தடை. காரின் பின்சீட்டு இடுக்கில் ஐசோஃபிக்ஸ் என்ற இரும்பு வளையங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் இருக்கையை அதில் சொருகிவிடலாம். அகீகா விருந்தில் ஒரு ஸஹன் பிரியாணியைக் குறைத்தால் நல்ல குழந்தை இருக்கையின் விலையில் கணிசமான பகுதி வந்துவிடும். மாமன்மார் சங்கிலி போடுவதற்குப் பதில் இதை வாங்கித் தரலாம் என்று நாம் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள்.

உம்ராவுக்குப் போகிறவர்களை வழியனுப்பும் பயணத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஏழு பேர் அமரும் வண்டியில் பதினொரு பேர். கடைசி வரிசையில் பெட்டிகளின் மீது பிள்ளைகள். நள்ளிரவு விமானம், ஊரிலிருந்து ஐந்தாறு மணி நேரப் பயணம், திரும்பி வரும்போது ஃபஜ்ருக்கு முன்பான தூக்க நேரம், ஓட்டுபவரும் இரவெல்லாம் விழித்தவர். அப்படிப்பட்ட வண்டியில் எத்தனை ஏர்பேக் இருந்தாலும், எந்தக் கேமரா இருந்தாலும், பெல்ட்டின் எண்ணிக்கை ஏழுதான். எட்டாவது ஆள் இன்னொரு வண்டியில் வரட்டும், அல்லது வீட்டிலிருந்தே துஆ செய்து அனுப்பட்டும். பெட்டிகளை இருக்கை மட்டத்துக்கு மேல் அடுக்கவும் கூடாது. கட்டாத 20 கிலோ பெட்டியும் மோதலில் முன்னால் பறந்து வரும்.

பழைய கார் வாங்குவோர் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். ஓரம் பிசிறியிருந்தாலோ, வெட்டுப்பட்டிருந்தாலோ, விட்டதும் தானாகச் சுருண்டு உள்ளே போகாவிட்டாலோ மாற்றச் சொல்லுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். பெரிய விபத்தில் ஒருமுறை உழைத்த பெல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. அதன் இழைகள் நீண்டிருக்கும், இறுக்கும் வெடிமருந்தும் செலவாகியிருக்கும். கார் விபத்துக்குள்ளானதா என்று காப்பீட்டுப் பதிவைக் கேளுங்கள். டேஷ்போர்டில் சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பழுதை மறைக்க அந்த விளக்கையே பிடுங்கி வைத்திருக்கவும் வாய்ப்புண்டு.